சூடேறினால் 2–3 கியர் மாற்றத்தில் இன்ஜின் இரைகிறது: பெட்டியை இறக்கத்தான் வேண்டுமா?

நீலவண்டி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு மாடல் ஆட்டோமேட்டிக் கார். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) வகை, நான்கு கியர். 2,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜின் இன்னும் சொன்னபடி கேட்கிறது, வம்பெல்லாம் கியர்பெட்டியில்தான்.

காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சூடேறிய பிறகு, இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும் இடத்தில் ஆர்.பி.எம். முள் 2,200இலிருந்து 3,000க்குத் தாவுகிறது. வண்டியின் வேகமோ கூடுவதில்லை. பிறகு ஒரு குலுக்கலோடு மூன்றாவது பிடிக்கிறது. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓசையின்றி மாறிவிடுகிறது.

இது போதாதென்று, நெரிசலில் நின்று நின்று போகும்போது ஓவர்டிரைவ் (நான்காவது கியர்) விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. அதன்பின் மூன்றாவது கியரைவிட்டு நகர மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் அடியில் 'டம்' என்று ஓர் அடி. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்பினால் பழையபடி ஓடுகிறது.

காட்டிய மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார், "பெட்டியை இறக்கி முழுவதும் பிரிக்க வேண்டியதுதான்" என்றுவிட்டார். அதற்கு முன் நானே பார்க்கக்கூடியவை என்னென்ன?

நெடுஞ்சாலை:

எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், கியர் எண்ணெயை மட்டும் மாற்றாதீர்கள். இவ்வளவு ஓடிய பெட்டியில் பழைய எண்ணெயில் மிதக்கும் தூள்தான் கிளட்ச்சைப் பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிய மறுவாரமே படுத்துவிட்ட வண்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பட்டறைக்காரர்:

நெடுஞ்சாலை சொல்வதை நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பெட்டி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு எண்ணெயின் நினைவே வருகிறது. கிளட்ச் தகடு ஏற்கெனவே கரிந்துபோயிருக்கும். பழி கடைசியாக ஊற்றிய எண்ணெய்மேல் விழும். பயப்பட வேண்டியது, இயந்திரம் வைத்து அழுத்தத்தில் அலசுவதற்கு. படிந்து கிடக்கும் கசடு பெயர்ந்து, எண்ணெயை அந்தந்தக் கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரணமாக வடித்துவிட்டு நிரப்புவதில் அந்த ஆபத்து குறைவு.

தம்பி, நீங்கள் சொல்லியிருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. முள் தாவுவது ஒன்று. விளக்கு மினுக்கி மூன்றாவதில் நின்றுவிடுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதால்தான் உங்கள் மெக்கானிக் முழுப் பெட்டியையும் பிரிக்கக் கிளம்பியிருக்கிறார்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். சமதரையில், வண்டி நன்கு சூடேறியபின், பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோய்ப் பார்க்கிங்கில் நிறுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும். கூடினாலும் அதே கதைதான்: சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் தாங்காது.

பிறகு ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பானால் வயதாகிவிட்டது. கறுத்துக் கரிந்த வாடை அடித்தால் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பில் பால்போல் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் வழியாகத் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

கம்பிச்சுருள்:

பெரியவர் பிரித்துச் சொன்னதில் இரண்டாவது நோய் என் பக்கம். விளக்கு மினுக்குகிறது என்றால் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைப் பதிவு செய்திருக்கிறது. மலிவான ஸ்கேனரில் பி 0700 என்று மட்டும் காட்டினால் அதோடு நிற்காதீர்கள். 'கியர்பெட்டிக் கம்ப்யூட்டரைப் போய்க் கேள்' என்பது மட்டுமே அதற்குப் பொருள். கியர்பெட்டிக்குரிய குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

பி 0730 முதலான வரிசை வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது உள்ளே ஏதோ வழுக்குகிறது. பி 0715, பி 0720 என்றால் வேக சென்சார்கள். பி 0750 முதல் தொடங்குபவை சொலினாய்டுகள், அதாவது எண்ணெய் வழிகளை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள். பழுதை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் தற்காப்பில் இறங்கிவிடும்: பல நான்கு கியர் பெட்டிகளில் மூன்றாவதில் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். உங்கள் ரிவர்ஸ் 'டம்' அந்த அழுத்தம்தான். அணைத்துக் கிளப்பினால் சரியாவதும் அதனால்தான். பழுது மறுபடி தலைகாட்டும்வரை கம்ப்யூட்டர் உங்களை நம்பும்.

குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முனைகள், தரை இணைப்பு, பெட்டிக்குப் போகும் கம்பிக்கட்டு, கனெக்டர் ஊசிகளில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நீலவண்டி:

இருவருக்கும் நன்றி. எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது. நிறம் துருப்பிடித்த பழுப்பு, கரிந்த வாடை இல்லை. நண்பர் ஒருவரின் ஸ்கேனரில் பி 0700உடன் பி 0758உம் வந்தது. கியர் விகிதக் குறியீடு எதுவும் இல்லை.

கம்பிச்சுருள்:

பி 0758 என்பது 'B' சொலினாய்டின் மின்சுற்றுப் பழுது. கனெக்டரைக் கழற்றி, அந்தச் சொலினாய்டுக்குரிய ஊசிக்கும் பெட்டியின் உடலுக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். சில பெட்டிகளில் சொலினாய்டின் மறுமுனை உடலோடு சேராமல் தனிக் கம்பியாக வரும். வரைபடத்தைப் பார்த்து அளப்பது நல்லது. திறந்து மூடும் வகைச் சொலினாய்டு பல வண்டிகளில் 11 முதல் 15 ஓம்வரை காட்டும். உங்கள் சர்வீஸ் கையேட்டின் எண்ணே இறுதி. முக்கியமானது இது: குளிர்ந்திருக்கும்போது அளந்து நிம்மதி அடையாதீர்கள். பழுது சூட்டில்தான் வருகிறது, சூட்டில்தான் அளக்க வேண்டும். சைலன்ஸர் குழாய் பக்கத்திலேயே ஓடும், கை பத்திரம்.

நீலவண்டி:

காலையில் 13 ஓம். விளக்கு மினுக்கத் தொடங்கியதும் வண்டியை நிறுத்தி அளந்தேன்: மீட்டர் முடிவிலி காட்டியது. பார்த்துக்கொண்டே நின்றேன், சூடு இறங்கியதும் திடீரென்று 13க்குத் திரும்பிவிட்டது.

கம்பிச்சுருள்:

சுருளின் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. குளிரில் முனைகள் தொட்டுக்கொள்கின்றன, சூட்டில் விலகுகின்றன. அல்லது உள் கம்பிக்கட்டின் இணைப்பில் அதே நிலை. இரண்டும் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேதான், பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

நெடுஞ்சாலை:

சொலினாய்டு மாற்றினால் முள் தாவுவதும் நின்றுவிடும் அல்லவா? அப்படியானால் எண்ணெயைத் தொடாமலே முடித்துவிடலாம்.

பட்டறைக்காரர்:

தொட்டியைக் கழற்றும்போது எண்ணெய் எப்படியும் வெளியே வந்துவிடும், நெடுஞ்சாலை. வடித்ததைத் திரும்ப ஊற்றுவதாக உத்தேசமா?

முள் தாவுவது சொலினாய்டோடு போகும் என்று நான் நம்பவில்லை. இரண்டாவதை விட்டு மூன்றாவதைப் பிடிப்பதற்கு இடையே சுமையைத் தாங்க யாரும் இல்லாத ஒரு கணம் விழுகிறது. இன்ஜின் அந்த நேரத்தில் துள்ளிவிடுகிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும், தேய்ந்த ரப்பர் வளையங்களின் ஓரமாகக் கசியும், மூன்றாவது கிளட்ச்சுக்கு அழுத்தம் தாமதமாகச் சேரும். தொட்டியைத் திறக்கும்போதே காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு இருந்தால் இந்த வயதுக்கு அது இயல்பு. சிலும்பாக, கூராக உலோகத் துண்டுகள் கிடைத்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி.

ஃபில்டரை மாற்றுங்கள். கையேடு குறிப்பிடும் எண்ணெய் மட்டுமே; 'எல்லாப் பெட்டிக்கும் ஏற்றது' என்று எழுதியதை நம்ப வேண்டாம். ஒரு முறை வடித்தால் பாதிகூட வெளியே வராது, கன்வெர்ட்டருக்குள் மிச்சம் நின்றுவிடும். சில நாள் ஓட்டி மறுபடி வடியுங்கள். அதற்குப் பிறகும் முள் தாவினால் அழுத்தமானி பொருத்திச் சூட்டில் அளக்கச் சொல்லுங்கள். எல்லாக் கியரிலும் குறைவாக இருந்தால் பம்ப் அல்லது அழுத்த வால்வ். முதன்மை அழுத்தம் சரியாக இருந்தும் தாவினால், கிளட்ச் பிடிக்கும்போது அழுத்தத்தைச் சீராக ஏற்றும் அக்குமுலேட்டரையும் மூன்றாவது கிளட்ச்சின் வழியையும் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்து ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும் ஸ்டால் சோதனையை யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். தளர்ந்த கிளட்ச்சை அது ஒரேயடியாக முடித்துவிடும்.

நீலவண்டி:

சொலினாய்டும் ஃபில்டரும் எண்ணெயும் மாற்றினோம். காந்தத்தில் குழைவு மட்டும்தான். விளக்கு அதன்பின் வரவில்லை. முள் தாவுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை, ஐயா சொன்னபடியே. அழுத்தம் அளந்ததில் முதன்மை அழுத்தம் கையேட்டின் எல்லைக்குள் இருந்தது. பிறகு வேறொரு பட்டறையில் வால்வ் பாடியை மட்டும் இறக்கி அக்குமுலேட்டர் பிஸ்டன்களை எடுத்தார்கள். ரப்பர் வளையங்கள் நகத்தால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுகியிருந்தன. ஒன்று விரித்துப் பார்த்தபோதே முறிந்தது. வளையங்களை மாற்றியபின் நெரிசலிலும் 2–3 மாற்றம் தெரியாமல் நடக்கிறது. ரிவர்ஸ் போடும்போது மட்டும் ஒரு சின்னத் தட்டல் இன்னும் இருக்கிறது.

பட்டறைக்காரர்:

அது பெட்டியாக இருக்காது. இன்ஜின் மவுண்டுகளையும் ஐடில் வேகத்தையும் பாருங்கள்.