டூட்டூ தெருவுக்கு வந்ததா, இல்லையா?

பழைய அலமாரி:
எண்பதுகளில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் டூட்டூவை, அதாவது பாலே நடனக்காரிகள் மேடையில் போடும் வலைத்துணிப் பாவாடையை, ஃபேஷனாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. பாலேவிலிருந்து தெருவுக்கு வந்தது செருப்பு மட்டும்தான். 1943இல் அமெரிக்காவில் காலணிக்கு ரேஷன் போட்டார்கள். பாலே செருப்பு அதில் சேரவில்லை. கிளேர் மெக்கார்டெல் என்ற வடிவமைப்பாளர் நடனச் செருப்பு செய்யும் கபேசியோ கம்பெனியிடம் சொல்லி அதற்குக் கெட்டியான அடி வைக்கச் செய்து, தன் உடைகளோடு சேர்த்துக்கொண்டார். 1956இல் பாரிஸில் பாலே செருப்பு செய்யும் ரெப்பெட்டோ, நடிகை பிரிஜித் பார்தோவுக்காகச் செய்த ஜோடி இன்றுவரை விற்கிறது. டூட்டூவுக்கு இப்படி ஒரு கதை இருந்தால் சொல்லுங்கள்.

தட்டாமாலை:
அலமாரி சார், இது அநியாயம். 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸ் வடிவமைப்பாளர் டியோர் காட்டியது என்ன? இறுகப் பிடித்த இடுப்பு, அங்கிருந்து குடைபோல விரியும் பாவாடை. அடுத்த பத்து வருடம் மாலை விருந்து உடை என்றால் அடுக்கடுக்காக ட்யூல் வலைத்துணிதான். சரி, அதைக்கூட விடுங்கள். 1985க்கு ஆங்கில வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் கொண்டுவந்த ‘மினி கிரினி’? ‘பெத்ருஷ்கா’ பாலேயைப் பார்த்துப் பிடித்த யோசனை அது. நடனக்காரியின் பாவாடையையும் விக்டோரியா காலத்து வளையப் பாவாடையையும் சேர்த்துத் தொடைவரை வெட்டிவிட்டார்.

அப்புறம் 1998. ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் சாரா ஜெசிகா பார்க்கர் போட்டு வரும் அந்த வெள்ளைப் பாவாடை! தொடருக்கு உடை தேர்ந்தெடுத்த பட்ரிஷியா ஃபீல்ட் அதை 5 டாலர் கூடையில் கிளறி எடுத்தார். அந்தப் படப்பிடிப்புக்கு வாங்கியவற்றில் ஒன்று 2024 ஜனவரியில் 52,000 டாலருக்கு ஏலம் போனது. எந்தச் செருப்பு இந்த விலைக்குப் போகும்?

பழைய அலமாரி:
ஏலத்துக்குப் போவது நினைவுப்பொருள் அம்மா, ஃபேஷன் இல்லை. அந்தக் காட்சியையே பாருங்கள். தெருவில் அத்தனை பேர் நடக்கிறார்கள், டூட்டூ போட்டிருப்பது அவள் ஒருத்திதான். அவள் விசித்திரமாகத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த உடையே. எல்லோரும் போடுவதாக இருந்தால் அந்தக் காட்சியில் பேருந்து அவள் மேல் தண்ணீர் அடிக்கும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

டியோர் செய்தது பாட்டி காலத்துப் பாவாடையைத் திரும்பக் கொண்டுவந்தது. பாலேவை அதில் இழுக்காதீர்கள்.

கரும்பலகை:
இரண்டு பேரும் டூட்டூ மேடையில் பிறந்தது என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். இடறுவது அங்கேதான். 1832இல் பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ நடனத்தில் மரீ தாலியோனி போட்ட வெள்ளைப் பாவாடையைத்தான் எல்லோரும் முதல் டூட்டூ என்கிறோம். அந்த உருவத்தை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குப் பணக்காரப் பெண்கள் நடன விருந்துக்குப் போட்டதும் அதே இறுகிய மேல்சட்டை, அதே மணிப் பாவாடைதான். கால் தெரியக் கொஞ்சம் தூக்கி, வெள்ளையாக்கி, லேசான துணியில் தைத்தார்கள். தெருவிலிருந்து மேடைக்குப் போன உடை அது. டியோர் யாரிடமிருந்து கடன் வாங்கினார் என்று கேட்டால், மேடையும் பாட்டியும் ஒரே வீடு.

துணியும் ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. 1862 நவம்பரில் பாரிஸ் ஓபராவில் ஒத்திகையின்போது நடனக்காரி எம்மா லிவ்ரியின் பாவாடை கேஸ் விளக்கில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் துடித்து இறந்தாள், வயது இருபதைச் சுற்றி. தீப்பிடிக்காமல் இருக்க மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. விறைத்துப்போகிறது, வெளுப்பு மங்குகிறது என்று அவள்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதே காலத்தில் மேடைப் பக்கமே போகாத பெண்களும் கணப்பு அடுப்பருகே பாவாடை பற்றிச் செத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

ஊசிநூல்:
நான் தையல்காரி. பிள்ளைகளின் பிறந்தநாள் கவுனுக்கு உள்ளே கேன்கேன் வைத்துத் தைத்தே கண் போனது. ஒரு கேள்வி. எந்த டூட்டூவைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கரும்பலகை சொல்வது நீளமானது. அது பாவாடைதான், யாரும் போடலாம். தட்டு மாதிரி படுத்து நிற்கிறதே, அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. கால் வேலை கடினமாகிக்கொண்டே போனதால், முழுக் காலும் தெரியட்டும் என்று வெட்டிக்கொண்டே போனார்கள். அதைப் பாவாடை என்றே நான் சொல்லமாட்டேன். ஜட்டியின் மேல் நெட் துணியை வரிவரியாகத் தைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு அடுக்கு வரும். கீழே குட்டை, மேலே போகப் போக நீளம். நடுவில் ஒரு அடுக்கில் வளையக் கம்பி. கடைசியில் அடுக்குகள் பிரிந்து தொங்காமல் இருக்க அங்கங்கே கையால் தளர்வாக ஒரு முடிச்சு. இறுக்கினால் போச்சு, துள்ளாது. தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்காருவது எப்படி?

பழைய அலமாரி:
ஊசிநூல் அக்கா, வாழ்க! நான் சொல்ல வந்தது இதுதான்.

தட்டாமாலை:
அவசரப்படாதீர்கள். கம்பி இல்லாமலும் டூட்டூ உண்டு. 1950இல் நியூயார்க்கில் பாலஞ்சின் அமைத்த ‘சிம்ஃபனி இன் சி’ நடனத்துக்கு, மேடை உடை தைக்கும் கரின்ஸ்கா கம்பியை எடுத்துவிட்டு, குட்டையாக, பவுடர் பஞ்சு மாதிரி மெத்தென்று செய்தார். மேடை நிறைய ஆள் ஆடும்போது தட்டுகள் இடித்துக்கொள்கின்றன என்பதுதான் காரணம். எடுத்ததற்காக அது டூட்டூ இல்லாமல் போய்விட்டதா? 2018 யு.எஸ். ஓபனில் செரீனா வில்லியம்ஸ் கறுப்பு டூட்டூவில் டென்னிஸே ஆடினார். அவர் முந்தைய மாதங்களில் போட்ட உடலை ஒட்டிய உடை இனி கூடாது என்று பிரெஞ்சு டென்னிஸ் சங்கத் தலைவர் சொன்ன கையோடு! உட்கார முடியாது என்கிறீர்கள், அவர் சர்வ் போட்டார்.

ஊசிநூல்:
அது இடுப்பில் நெட் சுருக்கி வைத்த பாவாடை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கரின்ஸ்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, என் கணக்கில் அது விட்டுப்போயிற்று.

பழைய அலமாரி:
சரி, ஒரு படி இறங்குகிறேன். வெஸ்ட்வுட்டை விட்டுக்கொடுக்கிறேன். வளையத்தோடு, குட்டையாக, உட்கார்ந்தால் மடங்கும்படி வடிவமைத்து வெளியே அனுப்பியவர் அவர் ஒருவர்தான். டியோரை மட்டும் தரமாட்டேன். கரும்பலகை சொன்ன ‘ஒரே வீடு’ கணக்கின்படி பார்த்தாலும் அது டூட்டூவுக்கு அக்கா, டூட்டூ இல்லை.

கரும்பலகை:
அக்கா என்று ஒப்புக்கொண்டதே பெரிது.

தட்டாமாலை:
ஊசிநூல் அக்கா, இதெல்லாம் இருக்கட்டும். கம்பி வேண்டாம், முழங்காலுக்குக் கீழே வரை, வெள்ளையில். தைத்துத் தருவீர்களா?

ஊசிநூல்:
முதலில் எத்தனை மீட்டர் நெட் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வாங்காமல் யாரும் இவ்வளவு சண்டை போடமாட்டார்கள்.