ரேஷன் அரிசி இருக்கு, தொட்டுக்க என்ன பண்றீங்க?

திருப்பூர் செக்கிங்:
சோத்துக்குப் பஞ்சமில்லைங்க, 2011ல இருந்து ரேஷன் அரிசி இலவசம். தொட்டுக்கறதுக்குத்தான் திண்டாட்டம். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை, சனிக்கிழமை சம்பளம். வாடகைக்கும் சீட்டுக்கும் எடுத்து வெச்சது போக மிஞ்சறதுல நாலு பேர் சாப்பிடணும். ரேஷன் துவரம்பருப்பு 30 ரூபாய்தான், ஆனா கார்டுக்கு மாசம் ஒரு கிலோ. தினம் சாம்பார் வெச்சா பாதி மாசம் தாண்டாது. அதனால வாரத்துல ரெண்டு நாள் துவரை, மத்த நாள் கொள்ளு, தட்டப்பயறு, பச்சப்பயறு. கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டுருவேன். காலையில வெந்ததும் தண்ணிய இறுத்து ரசம், பயறைச் சின்ன வெங்காயம், வரமிளகா, பூண்டோட அரைச்சா கொள்ளுப்பருப்பு. ஒரே வேக்காடு, கேஸும் மிச்சம்.

உழவர் சந்தைக்கு விடியறப்ப போகணும், ஷிப்டு விடாது. வாரச் சந்தை கலையற நேரத்துல போவேன். மிச்சத்தைத் தூக்கிட்டுப் போக மனசில்லாம கூறு கட்டி வெச்சிருப்பாங்க, கேக்கற விலைக்குக் குடுத்துருவாங்க. அடிபட்ட தக்காளிய அன்னைக்கே தொக்காக்கிரணும், அடுத்த நாள்னா குப்பைக்குத்தான். முருங்கைக்கீரை காசு குடுத்து வாங்கினதே இல்லை, லைன் வீட்டுக்குப் பின்னாடியே மரம். கம்பளிப்பூச்சி ஏறினா மட்டும் ஒருத்தரும் கிட்டப் போறதில்லை.

மாமியார் ரேஷன் அரிசி கழுவறப்ப மிதக்கறதையெல்லாம் பொறுக்கி எறியறாங்க, பிளாஸ்டிக்காம். உங்க வீட்லயும் இந்தக் கூத்து உண்டா?

ராயபுரம் பைக்:
அரிசி கதை தெரியாதுக்கா, ரூம்ல அடுப்பே இல்ல. நமக்கு அம்மா உணவகம்தான். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. 2013ல வெச்ச விலை, ஏத்தவே இல்ல. வெளியில ரெண்டு டீ, ரெண்டு வடை சாப்பிடுற காசுல அங்க மூணு வேளையும் முடியும். லேட்டா போனா தீர்ந்திருக்கும், டெலிவரி ஆர்டர் நடுவுல ஓடணும். ஆனா முழுக்க மாவுச்சத்துதான், காய் கண்ணுல படாது. மதியம் கூட ஒரு அவிச்ச முட்டை, சாயங்காலம் வேர்க்கடலையோ பீச் சுண்டலோ. பழம்னா வாழைப்பழம்தான், ஆப்பிள் பக்கம் திரும்பறதில்ல.

தருமபுரி அங்கன்வாடி:
திருப்பூர் சகோதரி, மாமியார் கையைத் தடுங்க. அது செறிவூட்டின அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாதிரியே அச்சுல அழுத்தறது. நூறு அரிசிக்கு ஒண்ணுங்கற கணக்குல கலக்கறாங்க. லேசா இருக்கறதால சிலது மிதக்கும். பொறுக்கி எறிஞ்சா சத்தைத்தான் எறியறீங்க. கஞ்சிய வடிச்சுக் கொட்டினாலும் அதுல கொஞ்சம் போயிரும், அளவாத் தண்ணி வெச்சுப் பொங்குங்க.

இன்னொண்ணு. வீட்ல கர்ப்பிணி இருந்தா அங்கன்வாடியில பதிஞ்சு சத்துமாவு வாங்குங்க. இங்க அதை மாட்டுக்கு வெக்கறவங்களைப் பார்த்திருக்கேன், வயிறு எரியும். எங்க மாவட்டத்துலயும் நீலகிரியிலயும் 2023ல இருந்து 2 கிலோ அரிசிக்குப் பதிலா கேழ்வரகு வாங்கிக்கலாம். களி, கூழுன்னு பழகின வாய் எங்களுது, கூட்டம் அதுக்குத்தான்.

குமரி சாளை:
எல்லாரும் பயறு, கீரைன்னே பேசுறீங்க, மீனை ஏன் விட்டீங்க? விலை குறைஞ்ச மீன்னா சாளைதான், மத்தின்னும் சொல்லுவாங்க. முள்ளு ஜாஸ்தின்னு ஒதுக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பொடிச்சாளையைப் புளிமுளம், அதான் எங்க ஊர்ப் புளிக் குழம்பு, வச்சா முள்ளும் மெத்துன்னு ஆயிரும், கடிச்சுத் தின்னா சுண்ணாம்புச்சத்து. வஞ்சிரம்னு சொல்ற நெய்மீன்ல இருக்கிற நல்ல கொழுப்பு இதுலயும் உண்டு. சோறு இல்லாத நாள் மரச்சீனிக் கிழங்கு அவிச்சுச் சாளைக் கறி ஊத்தினா ராத்திரி வரை பசிக்காது. மேற்குக் கடல்ல ஜூன் 1லிருந்து ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும். அப்போ வள்ளத்துல, அதான் நாட்டுப்படகுல, வர்றதைப் பாக்கணும், இல்லன்னா கருவாடு. பிரஷர் இருக்கிறவங்க கருவாட்டைச் சுடுதண்ணியில ஊறப்போட்டு உப்பைக் களைஞ்சுட்டு வையுங்க.

திருப்பூர் செக்கிங்:
அரிசி விஷயத்தை மாமியார்கிட்டப் படிச்சுக் காட்டினேன். "அவங்களுக்கு என்ன தெரியும்"னாங்க, ஆனா இன்னைக்குப் பொறுக்கலை. குமரி அண்ணா, மரச்சீனின்னா எங்க ஊர் மரவள்ளிதானுங்க? இங்க சந்தையில மலிவாவே கிடைக்குது. போன தடவை வாங்கினது கசந்துச்சு, தின்னலாமா?

குமரி சாளை:
அதேதான். கசந்தா திங்காதீங்க, தூரப் போடுங்க. கசக்காத கிழங்கையும் தோலை முழுக்க உரிச்சு, நிறையத் தண்ணியில மூடாம வேகவச்சு, அந்தத் தண்ணிய இறுத்துக் கொட்டிரணும். ரசத்துக்கு எடுத்துராதீங்க, கொள்ளுத் தண்ணி இல்ல அது.