"ஹூட்" என்று சொன்னால் எந்த ஹூட்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய பிப்பெட்:
வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள். "ஆசிட் பாட்டிலை ஹூட்ல வச்சுத் திற" என்றார் சீனியர். அறையில் இரண்டு ஹூட். பளிச்சென்று இருந்ததில் வைத்துத் திறந்தேன். அது செல் வளர்க்கும் லேமினார் ஹூட். வடிகட்டிய காற்றை நம் பக்கம் ஊதுகிற வகை. அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் வெள்ளைப் புகை சுருண்டு வந்து நேரே மூக்கில் ஏறியது. நாலடி தள்ளி, ஆசிட் புகையை வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் காற்றைச் சும்மா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான் இருமி ஓய்ந்ததும் சீனியர், "ஹூட்னுதானே சொன்னேன்?" என்றார். இன்றைக்கும் ஆறவில்லை.

கையேட்டுக்காரன்:
எனக்கு மொழிபெயர்க்க வந்த கார் கையேடு. "வண்டி நின்றபின் ஹூடை மடிக்கவும்" என்று இருந்தது. அமெரிக்கக் கையேடுகளாகச் செய்து பழகிய கை, பானட் என்று எழுதிவிட்டது, அதாவது எஞ்சின் மூடி. பானட்டை எப்படி மடிப்பது? அவர்கள் பிழை என்று நினைத்து "திறக்கவும்" என்று நானே திருத்தினேன்! அது பிரிட்டிஷ் கையேடு. அங்கே ஹூட் என்றால் திறந்த காரின் துணிக்கூரை. அச்சாகி வந்ததில் பாதி மடிந்த கூரையின் படம், அடியில் என் "பானட்டைத் திறக்கவும்".

நிழற்பட நேசன்:
பிப்பெட், சீனியரைக் குறை சொல்லாதீர்கள். எது ஊதும், எது இழுக்கும் என்று பார்ப்பது நம் வேலை. டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து ஹூடின் திறப்பருகே பிடியுங்கள், உள்பக்கம் சாய்ந்தால்தான் ஃப்யூம் ஹூட். நொடிக்கு சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். முன் கண்ணாடியைக் குறியிட்ட உயரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. தலையை உள்ளே விடவே கூடாது. கிருமிகளைக் கையாளும் பயோசேஃப்டி கேபினட்டையும் சிலர் ஹூட் என்பார்கள், அது வேறு சாமான். அப்புறம், பெட்டிமேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். என் கதை சின்னது: கேமரா லென்ஸுக்கு வெயில் மறைக்கும் லென்ஸ் ஹூடைக் கோணலாக மாட்டி ஒரு கல்யாணம் முழுக்க எடுத்தேன். எல்லாப் படத்திலும் மூலை கறுப்பு.

பழைய பிப்பெட்:
சரி ஐயா. மூன்றாம் நாள் என்றுதானே எழுதினேன்?

வகுப்பறை:
நான் மாட்டியது "சைல்ட்ஹுட்" (குழந்தைப் பருவம்) என்ற சொல்லில். "குழந்தையைப் போர்த்தும் முக்காடு, அதனால்தான் ஹுட்" என்று வகுப்பில் அழகாக அளந்துவிட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் அகராதியை விரித்தாள். பழைய ஆங்கிலத்தில் முக்காடு "ஹோட்", இந்த விகுதியோ "ஹாட்", நிலை என்று பொருள். இரண்டுக்கும் உறவே இல்லை. அவள் சத்தமாகக்கூடப் படிக்கவில்லை. விரலை அந்த வரியில் வைத்தபடியே அகராதியை என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.