சனிக்கிழமை அப்பா வருகிறார், டிஸ்க் ப்ளேயர் வேலை செய்யவில்லை, அவசர உதவி தேவை

பனிக்காலப் புதியவள்:
எல்லாருக்கும் வணக்கம். வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. சனிக்கிழமை அப்பா வருகிறார், ஆறு மாதம் எங்களோடு இருப்பார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். இருபது வருடமாக அவர் சேர்த்து வைத்த டிஸ்க்குகளை எங்கள் சாமான்களோடு முன்கூட்டியே அனுப்பிவிட்டார், பெட்டி நிறைய இருக்கிறது. ஊரில் இருந்த ப்ளேயரையும் கையோடு கொண்டு வந்தோம். நேற்று ராத்திரி இந்த ஊர்ச் சுவர்த் துளைக்கு ஏற்ற பின் மாற்றி (அடாப்டர்) போட்டுச் செருகினேன், விளக்குகூட எரியவில்லை. பதற்றத்தில் ஒரு 4கே (மிகக் கூர்மையான படம் தரும்) ப்ளேயரை ஆர்டர் செய்துவிட்டேன். நாளை மதியம் வரை ரத்து செய்யலாமாம். அதை வைத்துக்கொள்ளலாமா, வேறு வாங்கலாமா? ஹோம் தியேட்டருக்கு எது நல்லது என்று தேடத் தேடத் தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதினெட்டாம் வருடம்:
தங்கச்சி, ரத்து செய்துவிடுங்கள். முதல் வருடத்தில் இப்படிச் சாமான் வாங்கவே கூடாது. நான் வந்த புதிதில் ஐந்து மாதம் தரையில் மெத்தை போட்டுப் படுத்தேன். வேலை நிரந்தரம் ஆகும் என்று நம்பி ஒரு பெரிய டிவி வாங்கினேன். மூன்றாம் மாதம் வேலை போய், அந்த டிவியைப் பாதி விலைக்கு விற்றுத்தான் வாடகை கொடுத்தேன். அது போன ராத்திரி சுவரில் இருந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அப்படி உட்காரக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒரு டேப்லெட் போதும்.

ஐந்து ஸ்பீக்கர்:
டேப்லெட்டில் படம் பார்ப்பதும் ஹோம் தியேட்டரில் பார்ப்பதும் ஒன்றா? வாங்குவதை ஒரே தடவையில் நல்லதாக வாங்குங்கள். பானசோனிக் யுபி820 எடுங்கள். 2018இல் வந்தது, இன்றைக்கும் அதை மிஞ்சுவது கஷ்டம். காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் முறைகள் இரண்டும் உண்டு. படத்தின் மிகப் பிரகாசமான இடங்கள் வெளுத்துப் போகாமல் டிவியின் சக்திக்கு ஏற்பச் சரிக்கட்டும் வசதியும் இருக்கிறது, ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் அதற்காகவே அதைத் தேடி வாங்குவார்கள். பின்னால் படமும் ஒலியும் போகும் எச்டிஎம்ஐ இணைப்பு இரண்டு உண்டு. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் பழையது என்றால், எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இல்லாமல் 4கே சிக்னலை அனுப்பாது. அப்படி இருந்தால் படத்தை நேராக டிவிக்கும் ஒலியை ரிசீவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். இன்னொன்று, அமைப்புகளில் இரண்டாம் ஒலியை (இயக்குநர் விளக்கம், மெனு ஒலி போன்றவை) கலக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதை அணைக்காவிட்டால் டிஸ்க்கில் உள்ள அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் ஒலி) ரிசீவருக்குப் போய்ச் சேராது. இது தெரியாமல் எட்டு மாதம் சாதாரண ஒலியைக் கேட்டுக்கொண்டு ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

இரவுப் பணி:
தனி ப்ளேயரே எதற்கு? கேம் கன்சோல் வாங்கினால் வேலை முடிந்தது. டிரைவ் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கைப் படிக்கும். நான் வந்த முதல் பனிக்காலத்தில் ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்தால் பேச ஆளில்லை. அந்தக் கன்சோல்தான் துணை.

ஐந்து ஸ்பீக்கர்:
கன்சோலில் டிஸ்க் போட்டால் டால்பி விஷன் வராது. சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது, பிஎஸ்4 ப்ரோ 4கே டிஸ்க்கைப் படிக்காது. பெயரை மாற்றி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. வயதானவர் கையில் விளையாட்டுக் கண்ட்ரோலரைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

இரவுப் பணி:
அதற்குத் தனி ரிமோட் விற்கிறார்கள். இருந்தாலும் அந்த முகப்புத் திரை அவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

மேகத்தில் படம்:
இந்தக் காலத்தில் டிஸ்க்கா? ஸ்ட்ரீமிங்கில் இல்லாத படம் என்ன இருக்கிறது? இரண்டு சந்தா எடுத்துக் கொடுங்கள், அப்பா சந்தோஷமாக இருப்பார்.

பழைய பெட்டி:
இல்லாத படம் நிறைய இருக்கிறது ஐயா. என் அம்மாவுக்குப் பிடித்த படம் ஒன்று ஒரு சேவையில் இருந்தது. அவர் பாதி பார்த்துவிட்டு மறுநாள் வந்தார், படம் அங்கே இல்லை. உரிமம் முடிந்துவிட்டதாம். எண்பது வயது மனுஷிக்கு அதை எப்படிப் புரிய வைப்பது? தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று அன்றைக்கு முழுவதும் வருத்தப்பட்டார். டிஸ்க் அலமாரியில் இருந்தால் யாராலும் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. படத்தின் தரமும் ஒரு காரணம். 4கே டிஸ்க்கில் விநாடிக்கு 128 மெகாபிட் வரை தகவல் ஓடலாம். ஸ்ட்ரீமிங்கில் அதில் ஒரு பங்குதான் வரும். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான்.

பதினெட்டாம் வருடம்:
அந்த ப்ளேயர் செய்யும் கம்பெனிகளே ஒவ்வொன்றாகக் கையைக் கழுவுகின்றன. ஓப்போ 2018இல் நிறுத்தியது. சாம்சங் 2019இல், எல்ஜி 2024இல். மிஞ்சிய பெரிய பெயர் சோனியும் பானசோனிக்கும்தான். நாளைக்குப் பழுதானால் எங்கே போவது?

பழைய பெட்டி:
அதனால்தான் இப்போதே ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்கிறேன்.

பதினெட்டாம் வருடம்:
அதனால்தான் பணத்தைப் போடாதீர்கள் என்கிறேன்.

மாடி வீட்டு அண்ணி:
ஒலியைப் பற்றியும் யோசியுங்கள். இந்த ஊர் வீடுகள் பாதி மரம், அடித்தளத்தில் வூஃபர் அதிர்ந்தால் மேலே கட்டிலே நடுங்குகிறது. எங்களுக்கு வீட்டுக்காரரிடமிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு சத்தமாகச் சிரிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. என் மாமியார் வந்திருந்த ஆறு மாதமும் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார், நாலு மணிக்கே இருட்டிவிடும். நாங்கள் வீடு திரும்பும்போது விளக்கைக்கூடப் போடாமல் இருப்பார். அதை இப்போது நினைத்தாலும் தாங்கவில்லை.

இரவுப் பணி:
அண்ணி சொல்வது சரிதான். பெற்றோரை வரவழைத்துவிட்டு அவர்களுக்குப் பகலே இல்லாமல் செய்துவிடுகிறோம்.

எண் பார்த்துப் போடு:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். அவருக்கு நாளை மதியம் வரைதான் நேரம். தங்கை, ப்ளேயர் பெயரை விடுங்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? ஆர்டர் செய்தது எந்த மாடல்? டிவி எது, ஒலி எதில் வருகிறது? ஊரிலிருந்து வந்த ப்ளேயரின் பின்னால் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? எல்லாவற்றையும்விட முக்கியம், பெட்டியில் இருப்பது டிவிடியா, ப்ளூ-ரேயா, 4கே டிஸ்க்கா? சொந்தமாகப் பதிந்த டிஸ்க் ஏதாவது இருக்கிறதா?

பனிக்காலப் புதியவள்:
மன்னியுங்கள், இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கனடா. ஆர்டர் செய்தது சோனி எக்ஸ்700. சாம்சங் 4கே டிவி, வாடகை வீட்டோடு வந்தது. சவுண்ட்பார் டிவியில் இணைத்திருக்கிறது. பழைய ப்ளேயரின் பின்னால் 220–240 என்று இருக்கிறது. டிஸ்க்குகளை இப்போது எண்ணினேன், மொத்தம் 61. ப்ளூ-ரே 9. மீதி எல்லாம் டிவிடி. 4கே ஒன்றுகூட இல்லை. அதில் மூன்று எங்கள் கல்யாண வீடியோ, ஸ்டூடியோவில் பதிந்து கொடுத்தது. அம்மா இருக்கும் வீடியோ அது ஒன்றுதான். அப்பா அதைப் பார்க்கத்தான் முக்கியமாகக் கேட்பார்.

எண் பார்த்துப் போடு:
நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாண டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (குறிப்பிட்ட நாடுகளின் ப்ளேயரில் மட்டும் ஓடும் தடை) இருக்காது, ஆனால் இந்தியாவில் பதிந்ததால் பெரும்பாலும் பிஏஎல் என்ற அந்த ஊர் டிவி முறையில் இருக்கும். வட அமெரிக்காவில் விற்கும் ப்ளேயர்கள் பலவும் பிஏஎல் டிவிடியை ஏற்பதில்லை, திரையில் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். சனிக்கிழமை அப்பா முன்னால் அது நடக்கக் கூடாது. ஒரு மடிக்கணினியும் யுஎஸ்பி டிவிடி டிரைவும் இருந்தால் போதும், கணினிக்கு பிஏஎல் ஒரு பொருட்டே இல்லை. மூன்றையும் இன்றைக்கே வீடியோ கோப்பாக மாற்றி ஒரு பென் டிரைவில் போடுங்கள், இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். பதிந்த டிஸ்க்கின் சாயம் வருடங்கள் போனால் கெட்டுவிடும், அது ஒன்றுதான் இருக்கிறது என்கிறீர்கள். பென் டிரைவை டிவியிலேயே செருகிப் பார்க்கலாம்.

பழைய ப்ளேயர் கெட்டுப்போகவில்லை. கனடாவில் சுவரில் வருவது 120 வோல்ட், அதற்கு வேண்டியது 220க்கு மேல். பின் மாற்றி துளையின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. உயர்த்திக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் ஓடும், அதன் வாட் அளவு ப்ளேயரின் பின்னால் இருப்பதைவிட நன்றாகக் கூடுதலாக இருக்கட்டும். இதுவே தலைகீழாக, 120க்கு மட்டும் செய்த சாதனத்தை ஊருக்குக் கொண்டுபோய்ச் செருகினால் எரிந்துவிடும். மடிக்கணினி சார்ஜரில் 100–240 என்று இருக்கும், அதற்குப் பின் மாற்றி மட்டும் போதும்.

அடுத்து கடை டிவிடிகள். உறையின் பின்பக்கம் சிறிய பூமி உருண்டைக்குள் ஒரு எண் இருக்கும். இந்தியாவுக்கு 5, கனடா, அமெரிக்காவுக்கு 1. 5 என்று மட்டும் போட்டிருந்தால் இங்கே வாங்கும் சாதாரண ப்ளேயர் அதைத் திறக்காது. 0 அல்லது எல்லா மண்டலமும் என்று இருந்தால் பூட்டு இல்லை, ஆனால் அதிலும் பிஏஎல்லா, வட அமெரிக்க முறையான என்டிஎஸ்சியா என்று பாருங்கள். ப்ளூ-ரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: அமெரிக்கக் கண்டம் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. 4கே டிஸ்க்குக்கு மட்டும்தான் மண்டலமே கிடையாது.

ஐந்து ஸ்பீக்கர்:
கணினி டிரைவ் பற்றி ஒரு எச்சரிக்கை. மண்டலம் பூட்டிய டிவிடி போட்டால் மண்டலத்தை மாற்றவா என்று கேட்கும். ஐந்து தடவைதான் மாற்றலாம், கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். கல்யாண டிஸ்க்குக்கு அந்தக் கேள்வியே வராது. அப்புறம், சாம்சங் டிவியில் டால்பி விஷன் கிடையாது, ஆகவே நான் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. டிவியைக் கேட்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இன்னொரு விஷயம், 2018 முதல் வந்த சாம்சங் டிவிகள் டிடிஎஸ் என்ற ஒலி வகையை எடுப்பதில்லை. ப்ளேயரை டிவியில் செருகினால் சில டிஸ்க்குகளில் படம் ஓடும், சத்தம் வராது. சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் ப்ளேயரை அதில் நேராகச் செருகுங்கள். இல்லையென்றால் ப்ளேயரின் ஒலி அமைப்பை பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள், சத்தம் கண்டிப்பாக வரும்.

பனிக்காலப் புதியவள்:
உறைகளைப் பார்த்துவிட்டேன். 58 கடை டிஸ்க்கில் ப்ளூ-ரே ஒன்பதும் ஏ, பி, சி மூன்றும் போட்டது. டிவிடியில் 31 எல்லா மண்டலமும், என்டிஎஸ்சி. மீதி 18 மண்டலம் 5, பிஏஎல். அப்படியானால் 4கேயை ரத்து செய்யவா?

எண் பார்த்துப் போடு:
செய்யுங்கள். எக்ஸ்700 நல்ல ப்ளேயர்தான், ஆனால் 4கே டிஸ்க் ஒன்றுகூட இல்லாத வீட்டில் அதன் முக்கியமான வேலைக்கு இடமில்லை, இந்த 18 டிவிடியை அது எடுக்காது. எல்லா மண்டலமும் ஓடும் சாதாரண ப்ளூ-ரே ப்ளேயர் ஒன்று எடுங்கள். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: டிவிடியின் 5, ப்ளூ-ரேயின் சி இரண்டும் திறக்குமா? பிஏஎல் டிஸ்க்கை இந்த ஊர் டிவிக்கு ஏற்ற 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்புமா? இரண்டாவதுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

பழைய பெட்டி:
4கே ப்ளேயரிலும் மண்டலம் திறந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிகள் குறைந்துகொண்டு வரும்போது அதை வாங்குவதுதான் புத்தி என்பது என் கருத்து.

எண் பார்த்துப் போடு:
வேலை நிலைத்த பிறகு வாங்கட்டும். இந்த வாரம் வேண்டாம்.

பதினெட்டாம் வருடம்:
இதற்கு நானும் சரி என்கிறேன். அப்பாவுக்குப் பகலில் பார்க்க ஏதாவது வேண்டும், அதை நான் முதலில் யோசிக்கவில்லை.

மாடி வீட்டு அண்ணி:
வயதானவர்கள் பாதிப் படத்தில் தூங்கிவிடுவார்கள். டிவிடி பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும், ப்ளூ-ரே பலது திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். எந்த அத்தியாயத்தில் நிறுத்தினார் என்று ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ரிமோட்டில் தேவையான நாலு பட்டனுக்கு மட்டும் கலர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பனிக்காலப் புதியவள்:
ரத்து செய்துவிட்டேன். எல்லா மண்டலமும் ஓடும் ப்ளேயர் வெள்ளிக்கிழமை வருகிறது. இரண்டு கேள்விக்கும் விற்பவர் ஆமாம் என்று எழுதியே கொடுத்தார். பக்கத்து வீட்டில் டிவிடி டிரைவ் வாங்கி வந்து கல்யாண வீடியோவில் இரண்டை மாற்றிவிட்டேன். மூன்றாவது டிஸ்க் நடுவில் ஓரிடத்தில் நிற்கிறது, லேசாகக் கீறல் தெரிகிறது.

எண் பார்த்துப் போடு:
மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பிறகு இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பதுண்டு.

பனிக்காலப் புதியவள்:
அலுவலகத்தில் ஒரு பழைய கணினியில் போட்டேன், படித்துவிட்டது. அம்மா மேடை ஏறும் இடத்தில்தான் நின்றிருக்கிறது.