காப்பி கவருக்குத் தேய்ந்த டைப்ரைட்டர் எழுத்து: தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

ஏற்காட்டுத் தோட்டக்காரி:
எங்களுக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். இந்த வருஷம் நாங்களே வறுத்து அரைத்து 200 கிராம் கவரில் விற்கப்போகிறோம். தாத்தா ரெமிங்டன் டைப்ரைட்டரில் ஆங்கிலத்தில் அடித்துவைத்த கூலிக் கணக்குத் தாள்கள் பரணில் கிடைத்தன. அந்த எழுத்து கவரில் வரவேண்டும் என்று ஆசை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கும் ஸ்பெஷல் எலைட் ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கிறது. தமிழில் அடித்தால் சாதாரண எழுத்தாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
கண்ணு, அந்த ஃபான்டில் தமிழ் எழுத்தே கிடையாது. கம்ப்யூட்டர் வேறொரு ஃபான்டிலிருந்து எடுத்துப் போடுகிறது.

இருபது வருஷம் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவன் நான். மெஷின் தாளில் இரண்டு விதப் பழுது இருக்கும். அச்சில் விழுந்த வெட்டு ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வரும். மை அப்படியில்லை, அடிக்கு அடி மாறும். சுண்டுவிரலால் அடிக்கும் எழுத்து அழுத்தம் குறைந்து வெளிறும். ஃபான்டில் இந்த இரண்டாவது வராது. ஆங்கிலத்தில் காப்பி என்று எழுதினால் எஃப் இரண்டு, ஈ இரண்டு. ஜோடி இரண்டிலும் ஒரே கறை இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது திருத்தக்கூடிய வரைவடிவமாக மாற்றி, ஒன்றிலாவது கறையைக் கையால் மாற்று. இடைவெளியை நெருக்காதே. பைக்கா மெஷினில் அங்குலத்துக்கு 10 எழுத்து, எல்லாம் ஒரே அகலம்.

தமிழுக்கு, தமிழ் மெஷின் வைத்திருக்கும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ப் பெயரைப் பத்துத் தடவை அடித்துவா. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி நல்லதைத் தேர்ந்தெடு. புள்ளி விசையை அடித்தால் உருளை நகராது, அதனால் எந்த எழுத்துக்கும் புள்ளி ஒரே இடத்தில்தான் விழும். அதைத் திருத்திவிடாதே, அதுதான் அழகு. எரிக் வான் பிளாக்லாண்ட் 1991-இல் வெளியிட்ட ட்ரிக்ஸி ஃபான்டும் உண்மையான டைப்ரைட்டர் தாளிலிருந்து எடுத்ததுதான்.

அம்மாபேட்டை ஸ்கிரீன் பிரிண்டர்:
பழுப்புக் கவர் என்றால் ஒரு விஷயம். பொடிப் புள்ளிகள் ஸ்கிரீனில் நிற்காது, மை பரவி அடைத்துக்கொள்ளும். பெயரைப் பெரிதாகப் போடுங்கள், கறைகளில் பாதியைக் குறையுங்கள். எடை, தேதி, விலை எல்லாம் சுத்தமான எழுத்தில்தான். வாங்குகிறவர் கண்ணாடி போடாமல் படிக்கவேண்டும்.

ஏற்காட்டுத் தோட்டக்காரி:
ரொம்ப நன்றி ஐயா. தாத்தா தாளில் 1 வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஆங்கிலச் சின்ன எல் இருக்கிறதே, தவறி அடித்ததா?

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
தவறில்லை கண்ணு. பழைய மெஷின் நிறையவற்றில் 1-க்குத் தனி விசையே இருக்காது, எல் விசையைத்தான் அடிப்போம். கவரின் பின்பக்கம் அந்தக் கணக்கில் ஒரு வரியை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போடு.