ஃப்ரிட்ஜ் கிரிட்டுக்காக அஞ்சு நிமிஷம் நிக்கணுமா?

பணகுடி காத்தாடி:
கரண்டு எடுக்குற காத்தாடி பராமரிப்புல பதினாலு வருசமா இருக்கேன். ஆடிக்காத்து ஆளையே தள்ளும். அந்த நேரம் பார்த்து, கிரிட்ல (ஊர் ஊரா கரண்டு கொண்டுபோற லைன் வலையில) ஏத்த இடமில்ல, நிறுத்துங்கன்னு போன் வரும். இறக்கையைத் திருப்பி விட்டுட்டு, வீணாப் போற காத்தைக் கேட்டுக்கிட்டே கோபுரத்தடியில நின்ன நாள் எத்தனையோ. காத்து விழுந்துட்டா, கரண்டு பத்தலைன்னு எங்கேயோ கரி எரிக்கணும். வீட்டு ஃப்ரிட்ஜ், ஏசி, கீசர் எல்லாம் கிரிட் நிலவரம் பார்த்து தானாக் கூட்டிக் குறைச்சுக்கிட்டா இந்த வீணடிப்பு குறையும். புதுசா விக்கிற ஒவ்வொண்ணுலயும் இதைக் கட்டாயமாக்கணும்னு சொல்லுதேன்.

பாளை மாவுக்கடை:
தம்பி, கட்டாயம்னு மட்டும் சொல்லாதீங்க. 2012 கரண்ட் கட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கிரைண்டர் போட்டவ நான். ஒருநாள் ஃப்ரிட்ஜ்ல வச்ச மாவு கட் நேரத்துல பொங்கி, கதவு இடுக்கு வழியா வழிஞ்சு தரையில கெடந்துச்சு. அந்தப் புளிச்ச வாடை மூணு நாள் போகல. அப்போ சுவிட்ச் எங்கேயோ சப்ஸ்டேஷன்ல இருந்துச்சு. இப்போ என் ஃப்ரிட்ஜுக்குள்ளயே வைக்கச் சொல்லுதீங்க.

பணகுடி காத்தாடி:
அக்கா, இதை யாரும் ஆபீஸ்ல இருந்து அமுக்க வேண்டாம். இன்டர்நெட்டும் வேண்டாம். நம்ம பிளக்குல வர்ற கரண்டு செகண்டுக்கு 50 தடவை துடிக்கணும். கூடங்குளத்துல 1000 மெகாவாட் யூனிட் ஒண்ணு திடீர்னு நின்னா, அந்தத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் நம்ம தெற்கு கிரிட்டை வடக்கோட சேர்த்ததுல இருந்து நாடு முழுக்க ஒரே துடிப்புதான். ஃப்ரிட்ஜ் அதைத் தானே உணர்ந்து கம்ப்ரசரை அஞ்சு நிமிஷம் நிறுத்தும். அதுக்குள்ள வேற உற்பத்தி கைகொடுக்கும்.

அமெரிக்காவுல 2006-07லயே 150 துணி உலர்த்தும் மெஷின்லயும் 50 வாட்டர் ஹீட்டர்லயும் இந்த அமைப்பை வச்சுப் பார்த்துட்டாங்க. மெஷின் சுத்திக்கிட்டே இருக்கும், சூடு மட்டும் நிக்கும். வீட்டுக்காரங்க பெரும்பாலும் கவனிக்கவே இல்ல. நானும் ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு, பத்து நிமிஷம் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அசையவே இல்ல.

பாளை மாவுக்கடை:
தண்ணிக்குள்ள வச்சா எப்படி அசையும்? உங்க ஃப்ரிட்ஜை ஒரு நாளைக்கு அஞ்சு தடவை திறப்பீங்க. நான் சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துல நாப்பது தடவை திறக்கேன்.

இன்னொண்ணும் இருக்கு. மத்திய அரசு 2023-ல போட்ட விதிப்படி, நேரவாரியா கணக்கெடுக்குற ஸ்மார்ட் மீட்டர் வந்துட்டா வீடுகளுக்கும் நேரத்துக்கொரு விலை. வெயில் நேரத்துல 20 சதவீதமாவது குறைவு, உச்ச நேரத்துல குறைஞ்சது 10% கூட. புது ஃப்ரிட்ஜ் வாங்க முடிஞ்சவங்க அந்த நேரத்தை ஒதுக்கித் தப்பிச்சிடுவாங்க. என் பழைய ஃப்ரிட்ஜ்தான் தண்டம் கட்டும்.

ஆலங்குளம் கிணறு:
அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இத்தனை காலமா கிரிட்டுக்காக ஒதுங்கிக் கொடுத்தது மெஷினா? மனுசங்கதான். ராத்திரி மும்முனை கரண்டுக்காக எங்கப்பா கிணத்துமேட்டுல டார்ச்சோட உக்காந்திருப்பாரு. மூணு முனைக்கும் மாட்டின மூணு பல்பும் எரிஞ்சாத்தான் மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட முடியும். வரப்புல கட்டுவிரியன் கெடக்கும்னு கம்பால தட்டித் தட்டி நடப்பாரு. மின்சாரத் தட்டுப்பாட்டைத் தன் தூக்கத்தால ஈடுகட்டினவரு அவரு. அந்த வேலையை ஒரு கம்ப்ரசர் செய்யட்டுமே, நான் ஆதரிக்கேன்.

காத்தாடி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. நின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்துல திரும்ப ஓடினா? கட் முடிஞ்சு கரண்டு வரும்போது எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுத்து, எங்க டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போறதைப் பாத்திருக்கேன்.

பணகுடி காத்தாடி:
சரியான கேள்வி. ஒவ்வொண்ணும் வேற வேற இடைவெளி விட்டுத்தான் கிளம்பணும்; அது உள்ளேயே அமைக்கிற விசயம். ஒரு கம்ப்ரசர் 100 வாட்னு வச்சா, ஓடிக்கிட்டிருக்கிற 3,20,000 ஃப்ரிட்ஜ் நின்னா 32 மெகாவாட். பாபநாசம் பவர்ஹவுஸோட முழுத் திறன் அவ்வளவுதான். அணை கட்டாம, தண்ணி திறக்காம கிடைக்குது.

அக்கா, கட்டாயம்னு சொன்னதை மாத்திக்கிடுதேன். செஞ்சு விக்கிற கம்பெனிக்குக் கட்டாயம், அதுக்குத் தனி விலை வாங்கக் கூடாது. உள்ளே சூடு ஏறியிருந்தா நிக்கவே கூடாது. வேண்டாம்னா அணைக்க ஒரு பட்டன்.

பாளை மாவுக்கடை:
பட்டன் போனுக்குள்ள இருக்கக் கூடாது, கதவுல இருக்கணும். எங்க தெருவுல ஒரு அம்மா இன்சுலினை என் ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருக்காங்க, அவங்களுக்கும் நான் பதில் சொல்லணும். அந்தப் பட்டனை நாளைக்கு எடுத்துட மாட்டாங்கன்னு யார் எழுதித் தருவா? அது தெரியாம நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனா நாளைக்கு சாயங்காலம் மாவுச் சட்டிக்குள்ள தெர்மாமீட்டர் வச்சு, வியாபாரத்துக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் பிளக்கைப் பிடுங்கிப் பாக்கேன். என்ன வருதோ அதை அப்படியே இங்க எழுதுதேன்.