பிரின்ஸ் ஆல்பர்ட்: முதல் இழுப்பை வைத்து எடை போடலாமா?

புதுப்புகை எழுதியது:

வணக்கம். இதுவரை லட்டாகியா (புகையில் வாட்டிய, நெடி மிக்க இலை) சேர்ந்த ஆங்கிலேயப் புகையிலைக் கலவைகளும், வனிலா வாசனை போட்ட டேனிஷ் கலவைகளும்தான் பைப்பில் பிடித்திருக்கிறேன். இப்போதுதான் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற பழைய அமெரிக்கப் பைப் புகையிலை பக்கம் வந்தேன். பற்ற வைத்ததும் வெல்லப்பாகு போல லேசான இனிப்பு. அப்புறம் ஒன்றுமே இல்லை, காகிதம் எரிகிற மாதிரி இருந்தது. பைப்பில் புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் கசப்பு வந்தது, நாக்கும் சுட்டது. நூறு வருடத்துக்கு மேல் விற்கிற சரக்கு என்கிறார்கள். இதை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது? எதை வைத்து நல்லது, கெட்டது என்று சொல்வது?

சோளக்கட்டை எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் நண்பரே. பழைய அமெரிக்கக் கலவைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இலை. இது பர்லி என்ற புகையிலை வகை. 1864இல் ஒஹாயோ மாநிலத்தின் பிரௌன் கவுண்டியில், கென்டக்கியிலிருந்து வந்த விதையில் வெளிர்நிறச் செடிகள் முளைத்தன. வெள்ளை பர்லி அங்கிருந்துதான் பரவியது. இதைக் கொட்டகையில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காற்றிலேயே உலர்த்துவார்கள். அந்த மெதுவான உலர்த்தலில் இலையின் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் போய்விடும். வர்ஜீனியா இலையை வெப்பம் செலுத்தி ஒரு வாரத்துக்குள் உலர்த்துவதால் அதில் சர்க்கரை தங்கும். ஆகவே பர்லியில் தேனினிப்பைத் தேடினால் கிடைக்காது. தேட வேண்டியது வறுத்த கொட்டை, சர்க்கரை போடாத கோக்கோ, பொன்னிறமாக வாட்டிய ரொட்டி.

நீங்கள் முதலில் ருசித்த இனிப்பு இலையுடையது அல்ல. பர்லி திரவத்தை நன்றாக உறிஞ்சும். அதனால் வெட்டுவதற்கு முன் இனிப்புச் சாறில் ஊறவைப்பார்கள். இது கேசிங். வெட்டிய பிறகு மேலே தெளிக்கிற வாசனை டாப்பிங். டாப்பிங் சூடு பட்டதும் பறந்துவிடும். முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் அது போய்விட்டது, நீங்களும் கலவையே முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் கலவை அங்கேதான் தொடங்குகிறது. நான் மதிப்பெண் போடுவது கிண்ணத்தின் நடுப்பகுதிக்குத்தான். வனிலாவுக்குப் பழகிய நாக்குக்கு அது முதலில் வெறுமையாகத்தான் தெரியும். இழுப்புகளுக்கு நடுவே நன்றாக இடைவெளி விட்டு, கொஞ்சம் புகையை மூக்கு வழியாக விடுங்கள். அந்தக் கோக்கோ மூக்கில்தான் பிடிபடும்.

அடுத்தது நாக்குச் சூடு. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் இதை 1907இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, நாக்கைக் கடிக்காது என்பதுதான் விளம்பரங்களின் பெரிய வாக்குறுதி. செய்முறைக்குக் காப்புரிமை வாங்கி, 1907 ஜூலை 30 என்ற தேதியைத் தகர டப்பாவிலேயே அச்சிட்டார்கள். அந்த வாக்குறுதியை வைத்தே இதை அளக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் இலை சரியான ஈரத்தில் இருக்க வேண்டும். பையைத் திறந்த உடனே அடைத்தால் புகையோடு நீராவியும் வரும், நாக்கைச் சுடுவது பெரும்பாலும் அதுதான். கொஞ்சம் எடுத்து ஒரு காகிதத்தில் பரப்பி வையுங்கள். விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளாமல் மெல்ல விரிய வேண்டும். நொறுங்கினால் அதிகம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பைப்பையும் பாருங்கள். லட்டாகியா பிடித்த பிரையர் மரப் பைப்பில் இதைப் போட்டால் பழைய வாசனைதான் பேசும். மிசூரி மாநிலத்தின் வாஷிங்டன் ஊரில் 1869 முதல் செய்துவரும் சோளக்கட்டைப் பைப் இந்தக் கலவைக்கு மிகப் பொருத்தம். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பழைய நெடியும் இருக்காது.

கீழ்ப்பாதிக் கசப்பு வேகமாக இழுத்ததால் வந்திருக்கும். ருசி தெரியவில்லை என்றதும் எல்லோரும் பலமாகத்தான் இழுப்பார்கள். பர்லி அதற்கு மசியாது. அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்ற வையுங்கள்.

கென்டக்கிக்காரன் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். டாப்பிங் போன பிறகு பிரின்ஸ் ஆல்பர்ட் எனக்கு மெலிந்துதான் போகிறது. கார்ட்டர் ஹால் என்ற இன்னொரு அமெரிக்கக் கலவையில் பர்லியோடு வர்ஜீனியாவும் இருப்பதால் நடுக்கிண்ணத்தில் கொஞ்சம் இனிப்பு நிற்கும். பழைய பாணிக்குப் புதிதாக வருகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். இன்னொன்று, பர்லியில் நிகோட்டின் குறைவில்லை. அதன் புகையில் காரத்தன்மை கூடுதல் என்பதால் வாயிலேயே நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் வேண்டாம்.

புதுப்புகை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காயவைத்து, புதுச் சோளக்கட்டைப் பைப்பில் பிடித்துப் பார்த்தேன். சூடு பெருமளவு போய்விட்டது. நடுவில் வறுத்த வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு வாசனை, மூக்கில் மட்டும் தெரிந்தது. சரிதானா? கடைசியில் கசப்பு இன்னும் இருக்கிறது. இலையை இன்னும் காயவைக்கவா, தளர்வாக அடைக்கவா?

சோளக்கட்டை எழுதியது:

வேர்க்கடலைத் தோல், அதேதான்! அது பிடிபட்டுவிட்டது என்றால் இனி எந்த பர்லியையும் நீங்களே மதிப்பிடலாம். கார்ட்டர் ஹாலில் இனிப்பு கூட என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கொட்டை வாசனை அதில் சற்றுப் பின்னால் போய்விடுவதால் எனக்குப் பிரின்ஸ் ஆல்பர்ட்தான்.

கசப்புக்கு முதலில் அடைப்பைத் தளர்த்துங்கள். ஈரத்தை இப்போதிருக்கிறபடியே விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். புதுச் சோளக்கட்டை பைப்பின் அடியில் மரக்குழலின் முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அது கருகினாலும் கசக்கும். அதனால் கொஞ்ச நாளைக்கு அடிவரை பிடிக்காமல், அதற்கு மேலேயே நிறுத்திவிடுங்கள்.